டிசைனருக்கும் மேஸ்திரிக்கும் நடுவே நீங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் எழுதுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கட்டுக் கட்டாகக் கடிதம் வந்திருக்கிறது. பாதிக் கடிதங்களைப் படிக்கும்போதே மனசு கனத்தது, ஏனென்றால் அதில் இருக்கும் சண்டைகள் பெரும்பாலும் வந்திருக்கவே வேண்டாதவை. நான் சிவகிரிப் பக்கத்து மேஸ்திரி ஒருவரின் மகள். டிப்ளமோ சிவில் முடித்து 27 வருடமாக ஈரோட்டைச் சுற்றிய சைட்டுகளில் நிற்கிறேன். பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்களுடையது 40 வருடத்து வீடு. முன்னால் ஆசாரம் (கூடம்), பின்னால் சமையலறை, அதற்குப் பின்னால் பொடக்காலி (கொல்லைப்புறம்). தை மாதம் மகனுக்குக் கல்யாணம். கோயம்புத்தூர் டிசைனர் ஒருவர் படம் போட்டுக் கொடுத்தார். வேலையை உள்ளூர் மேஸ்திரியிடம் விட்டோம். டிசைனர் சொன்னதை மேஸ்திரியிடம் சொன்னால், "அது ஆகாதுங்க்கா" என்கிறார். அதை டிசைனரிடம் சொன்னால், "படத்துல இருக்கறபடி செய்யச் சொல்லுங்க மேடம்" என்கிறார். சமையல் மேடையை ஒரு தடவை கட்டி இடித்தாயிற்று. இடித்த கூலியை யார் தருவது என்று இப்போது சண்டை. நான் யார் பக்கம் பேசுவது?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: யார் பக்கமும் பேச வேண்டாம் அம்மணி. முதலில் தூது போவதை நிறுத்துங்கள்.

டிசைனர் போனில் "850" என்று சொல்லியிருப்பார். அது உங்கள் வாயில் "இடுப்பு உயரம்" ஆகியிருக்கும். மேஸ்திரி கையில் 3 அடியாகக் கட்டி நின்றிருக்கும். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் மேடை தப்பாகிவிட்டது.

இதற்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று, டிசைனர்கள் மில்லிமீட்டரில் வரைகிறார்கள், நம் ஊர் மேஸ்திரி, ஆசாரி எல்லாரும் அடி, அங்குலத்தில் கட்டுகிறார்கள். கதவு உயரம் 2100 என்று படத்தில் இருந்தால், "சரி, ஏழடி" என்று மேஸ்திரி எடுத்துக்கொள்வார். ஏழடி என்பது 2134. ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போய்விட்டது. வாசக்காலோடு போனால் பரவாயில்லை. அதே சுவரில் கடையிலிருந்து அளவெடுத்து வரும் அலமாரி வந்து நிற்கும்போதுதான் தெரியும். ஆகவே, படத்தில் ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் அடி, அங்குலத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். டிசைனருக்கு அது ஒரு மணி நேர வேலை.

இன்னொன்றுதான் அதிகம் பணம் தின்கிறது. உயரத்தை எந்தத் தரையிலிருந்து அளப்பது? டிசைனர் டைல்ஸ் ஒட்டி முடித்த தரையிலிருந்து சொல்வார். மேஸ்திரி மேடை கட்டும்போது கீழே இருப்பது வெறும் கான்கிரீட். அதன்மேல் கலவையும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு அங்குலம் ஏறும். 34 அங்குலம் என்று கட்டிய மேடை, டைல்ஸ் ஒட்டியதும் 32 ஆகிவிடும். உங்கள் மேடை ஏன் இடிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த இடிப்புகளில் இதுதான் அடிக்கடி. வேலை தொடங்கும் நாளிலேயே, முடிந்த தரை எங்கே வரும் என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) பிடித்து, எல்லா அறைச் சுவரிலும் அதற்கு மூன்று அடி மேலே ஒரு நீலக்கோடு அடித்துவிடுங்கள். அப்புறம் யார் எதை அளந்தாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும், ஆசாரியும் பிளம்பரும் உட்பட.

பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டில் எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மேற்பார்வை நான்தான். சிங்க்கை ஜன்னலுக்குக் கீழே வைத்துப் படம் வந்திருந்தது. நல்ல யோசனை, பாத்திரம் கழுவும்போது பொடக்காலித் தென்னை தெரியும். அந்த வீட்டுக்காரர் ஒருநாள் ஆசாரியிடம், "கொசுவலைக் கதவு ஒண்ணு உள்பக்கமா போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிளம்பரிடம் வீட்டு அம்மா, "அண்டா கழுவறாப்பல உசரமான பைப்பு வேணும்" என்று சொல்லியிருக்கிறார். இரண்டும் நியாயமான ஆசைதான். பால் காய்ச்சும் நாள் காலையில் மருமகள் வலைக்கதவை உள்ளே இழுத்தாள். அன்னக்கழுத்துக் குழாயில் 'டங்'கென்று மோதி, கதவு பாதியில் நின்றது. குழாயைத் திருப்பிவிட்டு மறுபடி இழுத்தாள். இப்போது கழுத்துக்குப் பதில் கைப்பிடியில் இடித்தது. ஒரம்பரை (உறவுக்காரர்கள்) எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆசாரியும் பிளம்பரும் டிசைனரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது நான். பார்க்கவில்லை. குழாயைச் சுவரிலிருந்து வருவதாக மாற்றி, சுவரைக் கொத்தி, நான்கு டைல்ஸ் உடைத்து, அதே நிறம் கிடைக்காமல் அலைந்தோம்.

அன்றிலிருந்து என் சைட்டுகளில் ஒரு நோட்டு இருக்கும். நீள நோட்டு, கோடு போட்டது, கடையில் சாதாரணமாகக் கிடைப்பது. சைட்டில் சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். வாரத்தில் ஒருநாள், ஒரே நேரத்தில், டிசைனர், மேஸ்திரி, வீட்டுக்காரர் மூவரும் சைட்டில் நிற்க வேண்டும். வியாழக்கிழமை நல்லது. சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு யாருக்கும் பேச்சில் மனசு போகாது. டிசைனர் வாரா வாரம் கோவையிலிருந்து வர முடியாது என்பார். அப்படியானால் சைட்டில் நின்றபடி வீடியோ போனில் மூவரும் பேசுங்கள். பேசி முடித்ததை மேஸ்திரி சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்: தேதி, என்ன மாற்றம், எவ்வளவு கூடுதல் செலவு, எத்தனை நாள் கூடும். மூவர் கையெழுத்து. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மூவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். நோட்டில் இல்லாததை யாரும் செய்யக்கூடாது, நீங்கள் சொன்னாலும் செய்யக்கூடாது என்று மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மேஸ்திரி "ஆகாது" என்றால் கோபப்படாதீர்கள். ஏன் ஆகாது என்று டிசைனர் முன்னால் கேளுங்கள். அந்தச் சுவருக்குள் பழைய குழாய் போகிறது, அங்கே தண்ணீர் வடிய வாட்டம் கிடைக்காது என்று ஏதாவது காரணம் வைத்திருப்பார். அது அவருக்குக் கையால் தெரியும், சொல்லத்தான் தெரியாது. என் அப்பாவும் அப்படித்தான். எந்த இன்ஜினியர் முன்னாலும் வாய் திறக்க மாட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அந்தப் பாத்ரூம் ஒழுகும் பாரு" என்பார். ஒழுகும்.

இடித்த கூலிக்கு வருகிறேன். படத்தில் அளவு எழுதப்படாமல் இருந்தால் அது டிசைனர் பொறுப்பு. எழுதியிருந்தும் மேஸ்திரி மாற்றிக் கட்டியிருந்தால் அவர் பொறுப்பு. நடுவில் நீங்கள் வாயால் மாற்றச் சொல்லியிருந்தால், அதை நீங்கள்தான் தர வேண்டும். படத்தை எடுத்து மூவரும் ஒருமுறை பாருங்கள். உண்மை அதிலேயே இருக்கும்.

இன்னொன்று. தை மாதக் கல்யாணத்துக்குப் பின்னாலிருந்து நாள் எண்ணுங்கள். ஐப்பசியில் நம் பக்கம் நல்ல மழை. தீபாவளிக்கு ஆள் ஊருக்குப் போனால் ஒரு வாரம் ஆகும், ஊரில் மாரியம்மன் நோன்பி (கோயில் திருவிழா) சாட்டினால் அது வேறு. புதுப் பூச்சு நன்றாகக் காய மூன்று நான்கு வாரம் விட்டுத்தான் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஈரச் சுவரில் அடித்தால் மணவறைப் போட்டோவுக்குள் உரிந்துவிடும். அதனால் ஆசாரத்தையும் சமையலறையையும் மட்டும் இப்போது முடியுங்கள். மாடியில் ஏதாவது வேலை இருந்தால் அது கல்யாணத்துக்கு அப்புறம் ஆகட்டும்.

கேள்வி: 12 லட்சத்துக்கு வீட்டு மராமத்து வேலை பேசியிருக்கிறோம். காண்ட்ராக்டர் பொருள் வாங்க 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா? லேபர் காண்ட்ராக்ட் விடுவது நல்லதா, பொருளோடு விடுவது நல்லதா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: 5 லட்சம் வேண்டாம். நல்ல ஆளாகவே இருந்தாலும் வேண்டாம். உங்கள் அட்வான்ஸில் பக்கத்து சைட்டின் பாக்கியை அடைத்துவிட்டு, உங்கள் வேலைக்கு அடுத்தவர் அட்வான்ஸை எதிர்பார்த்து நிற்கிற காண்ட்ராக்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் உங்கள் வீடு பாதியில் நிற்கும்.

ஒரு லட்சம், ஒன்றேகால் லட்சம் அட்வான்ஸ் போதும். மிச்சம் எல்லாம் வேலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு. இடித்துக் குப்பை அள்ளி முடித்ததும் ஒரு தொகை. சுவர், லிண்டல், அட்டாலி முடிந்ததும் ஒன்று. வயரிங் குழாயும் தண்ணீர்க் குழாயும் பதித்து, பூசுவதற்கு முன் ஒன்று. பூச்சு முடிந்ததும் ஒன்று. குளியலறையில் டைல்ஸுக்கு முன் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் வைத்து, கீழே ஈரம் இறங்கவில்லை என்று பார்த்தபின் ஒன்று. கடைசியில் 60,000 ரூபாயாவது கையில் நிறுத்தி வையுங்கள், ஒரு மழைக்காலம் தாண்டித் தருவதாக. இதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் மனத்தாங்கல் வராது. கடைசியில் வாயால் சொன்னால்தான் "என்னை நம்பலையா" என்று வரும். பொருளுக்குப் பணம் அவசரம் என்றால், சிமெண்ட், கம்பிக் கடைக்கு உங்கள் கணக்கிலிருந்தே நேராகக் கட்டுங்கள், பில் உங்கள் பேரில் இருக்கட்டும்.

லேபரா, பொருளோடா என்பது, பகலில் சைட்டில் நிற்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பனியன் கம்பெனிக்குப் போய்விட்டு ராத்திரி வருகிறவர் லேபர் காண்ட்ராக்ட் எடுத்தால், மணல் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்றே தெரியாது. பொருளோடு விடுங்கள், ஆனால் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாதீர்கள். புது வீட்டுக்கு அது சரி. பழைய வீட்டில் எதை இடிப்பது, எதை விடுவது என்று அறைக்கு அறை மாறும். வேலை வாரியாக அளவுப் பட்டியல் கேளுங்கள்: பூச்சு இத்தனை சதுர அடி, என்ன ரேட், டைல்ஸ் ஒட்டு இத்தனை, என்ன ரேட், லைட் பாயிண்ட் ஒன்றுக்கு என்ன. அப்போதுதான் ஒரு வேலையைக் குறைத்தால் எவ்வளவு கழிக்க வேண்டும், கூட்டினால் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கம்பி, சிமெண்ட், ஒயர், குழாய், டைல்ஸ் எல்லாவற்றுக்கும் கம்பெனி பேரும் அளவும் அதிலேயே இருக்க வேண்டும். ஒயர் என்று மட்டும் எழுதினால் போதாது: லைட்டுக்கு 1.5, பிளக் பாயிண்டுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும்.

12 லட்சம் பேசியிருக்கிறீர்கள். ஒன்றரை லட்சம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதை மறந்துவிடுங்கள். பழைய வீட்டில் பூச்சைத் தட்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

கேள்வி: டிசைனர், இன்டீரியர் டிசைனர், ஆர்க்கிடெக்ட் எல்லாம் ஒன்றுதானா? எங்களுக்கு வேலை செய்கிறவர் சமையலறைக்கு "வாட்டர்புரூஃப் பிளைவுட்" என்று எழுதியிருக்கிறார். நம்பலாமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒன்றல்ல. ஆர்க்கிடெக்ட் என்று பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள, 1972ஆம் ஆண்டு வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் தருவார்கள், கேட்பதில் தப்பில்லை. இன்டீரியர் டிசைனருக்கு அந்தச் சட்டம் கிடையாது. அதனால் அவர் மட்டம் என்று சொல்லவில்லை, அருமையாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சுவரை எடுப்பது, பீம் போடுவது பற்றி அவர் சொன்னால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் தொடாதீர்கள். கூச்சப்படாமல் இன்னொன்றும் கேளுங்கள்: "டைல்ஸ் கடை, பிளைவுட் கடையில உங்களுக்குக் கமிஷன் உண்டுங்களா?" உண்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறவரிடம் தைரியமாக வேலை கொடுக்கலாம்.

"வாட்டர்புரூஃப்" என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் எண் இருக்கும். 303 என்பது படுக்கையறை அலமாரிக்குப் போதும். சிங்க்குக்கு அடியில் 710 வேண்டும், அதுதான் மரைன் பிளை. பலகை சைட்டுக்கு வந்ததும் அறுப்பதற்கு முன் முத்திரையைப் போட்டோ எடுங்கள். லேமினேட் ஒட்டிவிட்டால் எந்தப் பலகை என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: தோட்டத்தில் அப்பாரு (தாத்தா) காலத்துச் சாளை (தோட்டத்து வீடு). மண் சுவர், சீமை ஓடு. சுவர் அடியில் உப்புப் பூத்து உதிர்கிறது. காண்ட்ராக்டர், சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசினால் 50 வருடத்துக்கு நிற்கும் என்கிறார். மகள் பார்த்து வைத்த டிசைனர், சிமெண்ட் கூடவே கூடாது என்கிறார். எதைக் கேட்பது?
— ஒரு விவசாயி, காங்கேயம்

பதில்: ஐயா, இந்தத் தடவை டிசைனர் சொல்வதைக் கேளுங்கள்.

மண் சுவர் அடியிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். அது மூச்சு விடுவது மாதிரி. மேலே சிமெண்டைப் பூசினால் மூச்சை அடைத்த மாதிரி ஆகும். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று மண்ணை இளக்கும். இரண்டு மழைக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒருநாள் கையால் தட்டினால் 'தொப் தொப்'பென்று சத்தம் வரும். பூச்சு பாளம் பாளமாக விழும்போது பின்னால் இருக்கும் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

என் அப்பாரு சுண்ணாம்புக் காரை வேலை செய்தவர். சுண்ணாம்பைத் தாளித்து (தண்ணீர் விட்டு நீற்றி) வாரக்கணக்கில் ஊற வைப்பார். கடுக்காயைத் தட்டி வெல்லத் தண்ணீரில் தனியாக ஊறப் போடுவார். அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் கலவை அரைப்பது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கலவையில் தொட்டுப் பிரிப்பார். பிசுக்கென்று நூல் மாதிரி இழுத்தால்தான் "பூசலாம்" என்பார். இல்லாவிட்டால் இன்னும் ஒரு நாள். இன்றும் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தேடினால் கிடைப்பார்கள். கூலி கூடத்தான் ஆகும். கொடுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வாசலுக்கு மண் கொட்டிக் கொட்டி வெளித்தரை சுவரின் கல் அடித்தளத்துக்கு மேல் ஏறியிருக்கும். அதை வெட்டி இறக்கி, தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுங்கள். எறவாரம் குட்டையாக இருந்தால் சாரல் சுவரடியில் அடிக்கும், கூரை ஓடுகளை இரண்டு வரிசை நீட்டிவிடுங்கள். யாராவது ஏற்கெனவே சிமெண்ட் பட்டை கட்டியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பாதி நோய் அதிலேயே போய்விடும்.

அப்புறம் தண்ணீர். உங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. வாயில் வைத்துப் பார்த்தாலே தெரியும். சாளைக்குப் பக்கத்தில் புதிதாகக் கான்கிரீட் போட்டு ஒரு குளியலறை கட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு உபயோகிக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும், கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் கான்கிரீட் நாளுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் லாரி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஆனி மாதம் மாடி கான்கிரீட் போட்டோம். மறுநாளே மேலே சிலந்தி வலை மாதிரி விரிசல். காண்ட்ராக்டர், "காத்துக்கு அப்படித்தான் வரும்" என்கிறார்.
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: காற்றால் வரும் என்பது உண்மை. ஆனால் "அப்படித்தான் வரும்" என்பது உண்மையில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் உங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று காற்றாலை வைத்தவர்களைக் கேட்டால் தெரியும். கான்கிரீட் இறுகும் முன்பே மேலே இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிவிடும், மேற்பரப்பு சுருங்கிக் கிழியும். அந்த மாதங்களில் வெயில் தாழ்ந்தபின் கொட்டி, மட்டம் பிடித்த உடனே தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். இறுகியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், சாதாரண சிமெண்ட் என்றால் 7 நாள், பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த சிமெண்ட்) என்றால் 10 நாளுக்குக் குறையாமல்.

கலவையில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்பதையும் விசாரியுங்கள். வீடுகளுக்குப் போடும் எம்20 தரக் கான்கிரீட் கலவையில் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது. கொட்டச் சுலபம் என்று வாளி வாளியாக ஊற்றுகிறவர்கள் உண்டு.

உங்கள் விரிசலில் தண்ணீர் ஊற்றி, அடிப்பக்கம் கசிகிறதா என்று பாருங்கள். கசியாவிட்டால் சிமெண்ட் பால் ஊற்றி அடைத்துவிட்டு, மேலே நீர்க்காப்புப் பூச்சுப் பூசி, தள ஓடு பதித்தால் போதும். கசிந்தாலோ, பீம் ஓரமாக நேர்கோட்டில் ஓடினாலோ, முட்டுப் பலகையைப் பிரிக்க விடாதீர்கள். முதலில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரை எடுத்துவிட்டால் வீடு பெரிதாகத் தெரியும் என்கிறார் டிசைனர். மேல்மாடி இருக்கிறது. எடுக்கலாமா?
— ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: நாலரை அங்குலச் சுவராக இருந்து, வீடு தூண், பீம் போட்டுக் கட்டியதாக இருந்தால் பெரும்பாலும் எடுக்கலாம். ஒன்பது அங்குலச் சுவர், தூண் கிடையாது, அதற்கு நேர் மேலே மாடியிலும் சுவர் என்றால், மாடியைச் சுமப்பதே அதுதான். ஜாக்கி முட்டுக் கொடுத்து, இரும்பு பீம் ஏற்றி, அது இரண்டு பக்கமும் எதன்மேல் உட்காரும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் ஒரு செங்கல்லை எடுக்கலாம். அந்தச் செலவைக் கேட்டால், முழுச் சுவருக்குப் பதில் நான்கடித் திறப்பே போதும் என்று உங்களுக்கே தோன்றலாம். தாளிக்கிற வாசம் ஹால் மெத்தையில் ஏறுவதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 8 லட்சம் வாங்கிக்கொண்டு காண்ட்ராக்டர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். போன் எடுப்பதில்லை. வேறு ஆளை வைத்து முடித்துவிடலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேறு ஆள் கை வைப்பதற்கு முன் இருப்பதை அளந்துவிடுங்கள். இது முக்கியம். உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரை வைத்து, எது முடிந்தது, எது பாதி, அதன் மதிப்பு என்ன என்று அறை அறையாக எழுதி, போட்டோவோடு கையெழுத்து வாங்குங்கள். புது ஆள் ஒரு கூடை கலவை பூசிவிட்டால் பழைய கணக்கு கலந்துபோகும்.

பிறகு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ்: 15 நாளில் வந்து முடி, இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பு. பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் வேலையும் சேவைதான். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் நல்லது. கையில் கொடுத்திருந்தால், அன்றைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அவர் எழுதிய துண்டுச் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி: பேரன் வீட்டை மாடுலர் கிச்சன் என்று மாற்றுகிறான். அம்மி, ஆட்டாங்கல்லுக்கு இடமே இல்லை என்கிறார்கள். எனக்கு 71 வயது. கேட்டால் சண்டை ஆகுமோ என்று இருக்கிறது.
— ஒரு பாட்டி, பவானி

பதில்: கேளுங்கள் ஆத்தா. அது உங்கள் சமையலறையும்தான்.

உள்ளே வேண்டாம், பொடக்காலியில் சமையலறைக் கதவுக்கு ஒட்டினாற்போல வைக்கச் சொல்லுங்கள். நாலடிக்கு நாலடி இடம் போதும். அந்த இடத்தில் மட்டும் டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பான கல் பதிக்கட்டும், ஈரத்தில் கால் வழுக்காது. சாக்கடைப் பக்கம் நன்றாக வாட்டம், முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், மேலே ஒரு தகரச் சார்ப்பு. ஆட்டாங்கல்லைத் தரையில் பதிக்காமல் ஒன்றரை அடித் திண்டின்மேல் வைத்தால், ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே ஆட்டலாம், குனிய வேண்டியதில்லை. திண்டு உயரத்தை உங்களை உட்கார வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

பேரனிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். சாக்கடைக் குழாய் பதித்து மூடிவிட்டால் மறுபடி உடைக்க வேண்டியிருக்கும். மேஸ்திரி வரும்போது நீங்களும் போய் நின்று, நோட்டில் எழுத வைத்துவிட்டு வாருங்கள்.